கீழே விழுந்த ஸ்டாப்வாட்ச்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

இன்று காலை கலா டீச்சர் கையிலிருந்து ஸ்டாப்வாட்ச் இரண்டு தடவை விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடியது பிள்ளைகள், வேர்த்துக் கொட்டியது அவளுக்கு. இடது கையை உதறிக்கொண்டே இருந்தாள். என் பொஞ்சாதியைக் கொண்டுபோன மாரடைப்பும் இப்படித்தான் இடது கையில் ஆரம்பித்தது.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இன்னாம்மா கையில?"

"ஒன்னுமில்ல நைனா, மரத்துப்போச்சு. ஞாயித்துக்கெழம பசங்களுக்குப் போட்டி கீது. அது முடியட்டும், காட்டிக்கிறேன். நீ யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

ஒன்பதாவது படிக்கும்போதும் இதையேதான் சொன்னாள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது என் வேலை. அன்றைக்கு அவள் வலது கால் என் கோட்டை இழுத்துக் கலைத்திருந்தது. முட்டி வீங்கியதை மறைத்து ஓடுகிறாள் என்று புரிந்துபோயிற்று. சொல்லாதே என்றாள், நானும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பந்தயத்தில் விழுந்தாள். அதோடு அவள் ஓட்டம் நின்றது. அப்புறம் இதே பள்ளிக்கு டீச்சராக வந்து பிள்ளைகளை ஓடவிட்டாள். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

சாயந்திரத்திலிருந்து மூன்று தடவை போன் அடித்துவிட்டேன். எடுக்கவில்லை. தூங்கியிருப்பாள்.

மைதானத்துக் கேட்டுச் சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு வருவாள். நான் திறக்கப்போவதில்லை. முதலில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரி, அப்புறம்தான் கேட்டு. பிள்ளைகள் எதிரில் திட்டினாலும் திட்டட்டும்.

ஐந்தரைக்கு வந்து நின்று திட்டினால் போதும்.