ஸ்டியரிங்கில் ஒரு விரல்

அன்புள்ள கீலிக்கு,

ஸ்காட்லாந்துக் குளிரில் நீ நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், இங்கே வெயிலில் நானும் நாயும் சுகம். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவள் கடிதம் வேறு எழுதுகிறாளே என்று சலித்துக்கொள்ளாதே, மன்னித்துவிடு. போனில் நீ "அப்புறம்மா?" என்று கேட்டதும் எனக்குப் பேச்சு நின்றுபோகிறது, வைத்த பிறகுதான் எல்லாம் ஞாபகம் வருகிறது.

அப்பா மேற்கே சுரங்க வேலைக்குப் போனதிலிருந்து அவருடைய பிக்கப் வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். லீவில் வந்தாலும் பாதி நாள் தூங்கியே கழிக்கிறார், பாவம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டதால் அறுவடைக்கும் எனக்கு வேலையில்லை, காலையில் பள்ளிக்கூட அலுவலகம், சாயங்காலம் வீடு. முன்பெல்லாம் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் டீ குடிக்க வருவார்களே, அப்பா போன பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் வந்ததெல்லாம் அவருக்காகத்தான் போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, கெட்டிலில் ஒரு கப் தண்ணீர் மட்டும் ஊற்றப் பழகிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை ஊர் கிளப்பில் சீட்டுக் குலுக்கி இறைச்சியைப் பரிசாகக் கொடுப்பார்களே, அதற்குப் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என் சீட்டுக்கு ஒரு தட்டு நிறைய ஆட்டு சாப்ஸ் விழுந்தது. வாங்கப் போனால், நம் அடுத்த பண்ணை ஷர்லி எல்லார் காதிலும் விழும்படி, "வாங்கம்மா பட்டதாரி! கையத் தூக்கி வாங்கிக்குவீங்களா, இல்ல வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கணுமா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், தட்டை வாங்கிக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தேன். நான் அஞ்சல்வழியில் பட்டம் வாங்கியபோது, நம் குடும்பத்திலேயே முதல் ஆள் என்று கேக் செய்து கொண்டுவந்தவளே அவள்தான். வாசல்வரை பின்னாலேயே வந்து, "ஜனெல், நெஜமாவே கேக்குறேன், நாங்க என்னடி பண்ணோம்? ரோட்டுல எதிர்ல வர்றப்பல்லாம் விரல் தூக்குறோம், நீ பாட்டுக்கு நேரா பாத்துட்டுப் போற. படிச்சதுல அவளுக்கு விரல் கனத்துப்போச்சுங்கறான் என் வீட்டுக்காரன் மெர்வ்" என்றாள்.

உனக்குத் தெரியும், இத்தனை வருஷமும் நான் இடப்பக்க சீட்டில்தான். எதிர்வண்டி வந்தால் ஸ்டியரிங்கை விடாமலே அப்பா வணக்கம் சொல்கிற மாதிரி ஆள்காட்டி விரலைத் தூக்குவார், நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். இப்போதும் வண்டியைப் பார்த்து அவர் என்று எண்ணித்தான் தூக்குகிறார்கள், உள்ளே நான் என்று தெரிந்தால் ஏமாந்துபோவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் துணிந்து தூக்கினேன். முதலில் எதிரே வந்தது ஒரு கேரவன், வெளியூர்க்காரர், டயரில் ஏதோ கோளாறு என்று சொல்கிறேன் என நினைத்து இறங்கிச் சுற்றிப் பார்த்தார். அடுத்து, தானியம் கொட்டிவைக்கிற சைலோ பக்கத்து வளைவில் மெர்வ். பதற்றத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு விரலைத் தூக்கிவிட்டேன். அவனும் இரண்டு தூக்கினான். சாயங்காலம் நம் கேட்டில் ஒரு பை எலுமிச்சம்பழம் தொங்கியது, யார் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே எடுத்துவந்து மேசையில் கொட்டினேன். கூப்பிட்டுக் காட்டத்தான் ஆளில்லை, நாய் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள், வேலை இருக்கிறது என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அப்பாவின் பிறந்தநாள் வருகிறது, மறக்காமல் கூப்பிடு, அவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் போனைக் கையிலேயே வைத்திருப்பார். எங்கே இருந்தாலும் உன்னைத் தேடி வருகிற மனிதர்கள் நாலு பேர் உனக்கு வாய்க்க வேண்டும், குறையில்லாமல் இரு.

எழுதலாமா வேண்டாமா என்று இவ்வளவு தூரம் சுற்றிவிட்டேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்கு லீவு இல்லை. ஷர்லி வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள், தனியாகப் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. அந்த சாப்ஸை இன்னும் பிரிக்காமல் ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். ஒரு தடவை வந்துவிட்டுப் போகிறாயா? விமான நிலையத்துக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன். நீ இடப்பக்க சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், விரலை நான் தூக்கிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
ஜனெல்