அண்ணனுக்குக் கோரிய தண்ணி

அண்ணே,

ஒக்கி புயலில் நம்ம வாழையெல்லாம் சாய்ந்ததற்கு மறு வருஷம். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் திறந்து ஜனம் வேடிக்கை பார்க்கப் போன வருஷம். அப்போதுதான் நீ பம்பாய் ஆஸ்பத்திரியில் கிடந்தாய்.

இன்றைக்குப் பேத்தி பெங்களூர் போகத் தேங்காயெண்ணெயைச் சின்னச் சின்னக் குப்பிகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். "பிளைட்டுல நூறு மில்லிக்கு மேல கையில கொண்டுபோக விடமாட்டாங்க தாத்தா" என்றாள். எண்ணெயை வைத்துவிட்டு இதை எழுது மக்கா என்றேன். எனக்குத்தான் எழுத்து தெரியாதே.

நீ போனில் கேட்டது ஒன்றே ஒன்று. "ஏலே, நம்ம கிணத்துத் தண்ணி ஒரு வாய் கொண்டாருவியா?" வாளியை இறக்கி ஒரு லிட்டர் குப்பி நிறையக் கோரினேன். தீனம் வந்து கிடக்கிறவனுக்கு எடுத்த தண்ணியை அவன் வாயில் ஊற்றுகிறவரை தரையில் வைக்கப்பிடாது என்று அம்மை சொல்வாளே. திருவனந்தபுரம் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். ஏர்போர்ட்டில் பெட்டியை வாங்கின பெண், குப்பியையும் அதற்குள் வைக்கச் சொன்னாள். பெட்டியைத் தரையில் போடுவார்களே, மாட்டேன் என்றேன். அப்போது கொடுத்திருந்தால் உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும்.

சோதனை போடுகிற இடத்தில் ஒரு மலையாளத்துப் பயல் நிறுத்திவிட்டான். "அப்பூப்பா, இது கொண்டுபோகான் பற்றில்ல. குடிச்சிட்டுப் போங்க."

சாகக் கிடக்கிற அண்ணனுக்காக்கும் என்றேன். அந்தப் பயலுக்கும் முகம் வாடிப்போயிற்று. இரண்டு வாய் மட்டும் மிச்சம் வைத்து, மற்றதைக் குடித்துவிட்டுக் குப்பியை நீட்டினேன்.

"தண்ணியில்ல அப்பூப்பா, குப்பியோட அளவாக்கும் கணக்கு."

பின்னால் ஆட்கள் முணுமுணுத்தார்கள். தரையிலேயே வைக்காத தண்ணியைக் குப்பைத்தொட்டியில் எப்படி ஊற்றுவேன்? உன் இரண்டு வாயையும் நானே குடித்தேன். காலிக் குப்பியைக் கொண்டுபோக விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் நீ கேட்டாய். "கொண்டாந்தியா?"

வராந்தாக் குழாயில் அதே குப்பியில் பிடித்து வந்து, கரண்டியால் உன் வாயில் விட்டேன். நாக்கைச் சப்பிப் பார்த்தாய்.

"உப்பு கொறஞ்சிருக்கே மக்கா. ஊர்ல மழையா?"

"நல்ல மழை அண்ணே."

"அப்ப குளம் பெருகியிருக்கும்" என்று சிரித்தாய். மறுநாள் விடியும்போது நீ இல்லை. ஊரில் அன்றைக்கு ஒரு பொட்டு மழை இல்லை அண்ணே. உன்னிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் நீ சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

நம்ம தங்கச்சி செல்லத்தங்கம் மயிலாடியிலிருந்து வரும்போதெல்லாம் கேட்பாள். "பெரியண்ணன் நம்ம தண்ணி குடிச்சிட்டுத்தானே போனாரு?" ஆமா ஏட்டி என்பேன். அந்தக் கிணற்றை ரோட்டுக்காக மூடியாச்சு. அதன் உப்பு இன்னும் என் நாக்கில் கிடக்கிறது. அது இன்னதென்று தெரிந்த இன்னொரு ஆள் இனி ஒருத்திதான், நம்ம செல்லத்தங்கம்.