சிறுத்தை வந்தபோது நான் நித்திரை

1969 ஓகஸ்ட் 2

ஒரு மாத இரவு வேலை இன்று காலையோடு முடிந்தது. திருகோணமலை ஆஸ்பத்திரியிலிருந்து ஓர்ஸ் ஹில் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு றுக்கியாவின் தலை.

"மலர், லீவு கிடைச்சிட்டுதா?"

ஓம் என்றேன். அவள் போட்ட கூச்சலில் மாமரத்துக் காகங்கள் பறந்தன.

ஏழாம் திகதி வில்பத்துக் காட்டுக்குப் போகிறோம். மனிதன் சந்திரனுக்கே போய்த் திரும்பிவிட்டான். நாங்கள் ஒன்பது வருடம் கதைத்துக் கதைத்து இப்போதுதான் வில்பத்துக்குப் புறப்படுகிறோம். சிறுத்தையைப் பார்க்காமல் திரும்புவதில்லை.

அடுத்த மாதம் அவர்கள் புத்தளத்துக்குப் போய்விடுவார்கள். அவள் கணவர் சரீப் நானாவுக்கு அங்குள்ள அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு இடமாற்றம். அதைப்பற்றி இப்போது எழுதப் போவதில்லை.

ஓகஸ்ட் 7

சரீப் நானா கூட்டாளியிடம் ஜீப் இரவல் வாங்கியிருந்தார். கந்தளாய்க் குளக்கட்டில் இடியப்பப் பார்சலைப் பிரித்தோம். காட்டு வாசலில் வழிகாட்டி யோகலிங்கம் ஏறினார். மெலிந்த மனிதர். ஏறியதும் சொன்ன முதல் வார்த்தை: "கதைக்கப்படாது."

றுக்கியாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்! கொஞ்ச நேரத்தில் அவருக்கு எத்தனை பிள்ளைகள், மூத்தவன் என்ன படிக்கிறான் எல்லாம் குசுகுசுத்தே அறிந்துவிட்டாள்.

காட்டுக்குள் இருக்கும் குளங்களை இங்கே வில்லு என்கிறார்கள். ஒரு வில்லுக் கரையில் தனியன் யானை, சேற்றை அள்ளி முதுகில் எறிந்துகொண்டு நின்றது. எங்களைக் கணக்கில் எடுக்கவேயில்லை. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது.

ஓகஸ்ட் 8

இவள் என்னை எழுப்பேல்லை. பக்கத்திலயே இருந்துகொண்டு எழுப்பேல்லை!

அதே நாள், பின்னேரம்

கொஞ்சம் ஆறிவிட்டது.

காலையில் மரநிழலில் ஜீப்பை நிறுத்திக் காத்திருந்தோம். நல்ல காற்று. கண்ணை மூடினேன், அவ்வளவுதான். விழித்தபோது மூன்று பேரின் முகமும் ஒரு மாதிரி இருந்தது.

"சிறுத்தை, மிஸி," என்றார் யோகலிங்கம், நிலத்தைப் பார்த்தபடி. "றோட்டில படுத்து, காலை நக்கிப்போட்டு, ஆறுதலா எழும்பிப் போனது."

முழுச் சிறுத்தை!

"ஏன்டி எழுப்பேல்லை?"

"கையைத் தூக்கினனான், மலர். நீ வாயைத் திறந்துகொண்டு அப்பிடியொரு நித்திரை. ஒரு மாசமா உன்ர கண்ணைப் பார்த்தனான். எழுப்ப மனம் வரேல்லை."

"நித்திரை வீட்டில கொள்ளேலாதா?"

தங்கியிருக்கும் காட்டுப் பங்களாவுக்குத் திரும்பியதும் மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்றேன். கோழிக்கறி மணத்தது. வேண்டாம் என்றேன்.

ஓகஸ்ட் 9

நாள் முழுக்கக் கதையில்லை. நடுவில் சரீப் நானாதான் பாவம். "தங்கச்சி, தேத்தண்ணி வேணுமா எண்டு றுக்கியா கேக்கிறா." றுக்கியா எனக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள்.

பொழுதுபடும்போது அவளே கேட்டாள்: "சிறுத்தைக்கே இவ்வளவு கோவம்?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.

"மதிலுக்கு அங்கால இனி ஆரோ வருவினம். நான் ஆரோட கதைக்கிறது?"

அவளும் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீயும் வாவன். புத்தளத்தில ஆஸ்பத்திரி இல்லையா?"

"உனக்கென்ன விசரா? திருகோணமலையை விட்டிட்டு நான் எங்க வாறது!"

இரவு கோழிக்கறி இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

ஓகஸ்ட் 10

திரும்புகிற நாள். வாசலுக்கு வருமுன், பாலை மரத்தடியில் கரடி! முதுகில் இரண்டு குட்டிகள், தாயின் மயிரை இறுகப் பிடித்தபடி. திரும்பினால் றுக்கியா என் தோளில் சாய்ந்து நித்திரை. பாவம், இரவு முழுக்கப் புரண்டவள். கையைத் தூக்கினேன். ஒரு கணம் எனக்கும் மனம் வரவில்லை.

பிறகு நன்றாகக் கிள்ளினேன்.

"யா அல்லாஹ்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கரடி குட்டிகளோடு பற்றைக்குள் பாய்ந்தது. யோகலிங்கம் தலையில் கைவைத்தார்.

"பின்பக்கம் வடிவாத்தான் இருந்தது," என்றாள் றுக்கியா. அநுராதபுரம் வரும்வரை சிரித்தோம்.

செப்டம்பர் 14

லொறி போய்விட்டது.

ஒக்டோபர் 3

தாதிமாருக்குப் பொறுப்பான மேற்றனிடம் இடமாற்றம் கேட்டேன். "புத்தளமா? ஒருத்தரும் கேளாத இடம். ஏன் பிள்ளை?"

"காடு கிட்ட," என்றேன். வேறென்ன சொல்ல?

1970 பெப்ரவரி 21

புத்தளம். கொதிக்கிற வெயில், வாயில் வைக்க முடியாத உவர்த்தண்ணீர். வார்டில் இன்னும் பாதிப் பேரின் பெயர் தெரியாது.

இன்று பௌர்ணமிப் போயா விடுமுறை, றுக்கியாவுக்கும் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் இல்லை. அவள் வீட்டுக்குப் போனபோது குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே வெங்காயச் சுளகை என் பக்கம் தள்ளினாள். மத்தியானத்துக்கு இருக்கிறாயா என்று கேட்கவில்லை. உலையில் எனக்கும் சேர்த்துத்தான் அரிசி கொதித்தது.