பாவாடைக் கம்பத்திலிருந்து நூற்றிருபது காலடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அவள் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் அடம்பிடிக்கிறது. அங்கே நீ, மாப்பிள்ளை, பேத்தி மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அதை நீ எழுத நான் படிக்க வேண்டும். இது யார் கையெழுத்து என்று விழிக்காதே, என் கைதான். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதியது. நான் பத்து சொன்னால் அவள் மூன்று எழுதுவாள், மீதியை "அதெல்லாம் அவளுக்கு எதுக்கு" என்று விழுங்கிவிடுவாள். இந்தக் கடிதத்தில் அவள் விரல் படவில்லை. இன்றோடு ஐந்து நாளாக எழுதுகிறேன், ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஓடுகிறது, அதற்கே கட்டைவிரல் வீங்கிப்போகிறது. ஆனாலும் ஒரு வரி முடிந்ததும் பேனாவை வைத்துவிட்டு காகிதத்தைத் தள்ளி வைத்துப் பார்க்கிறேன் மகளே, நான் எழுதியது எனக்கே பேசுகிறது, இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நூலகத்தின் பின் அறையில் தினமும் நாலு மணிக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிற வகுப்பு. எட்டு மாதமாகப் போகிறேன், உன் அம்மாவிடம் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் முதலில் போனேன். சொல்லித் தருவது நம் விமானத்தள ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், உனக்கு ஞாபகம் இருக்கும், ஊசி அக்கா என்றால் நீ கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாய். இப்போதும் அதே கைதான். நான் எழுத்தைத் திருப்பிப் போட்டால், "அண்ணே, இடுப்புல போட்டது ஞாபகம் இருக்கா, மறுபடியும் போடணுமா" என்கிறார். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆறு பேர் வாயை மூடிக்கொண்டு எழுதுகிறோம். இப்போது தெருவில் நடந்தால் எதையும் விடுவதில்லை, பேருந்தின் நெற்றி, கடைப் பலகை, கதவில் தள்ளு இழு என்று எழுதியிருப்பது எல்லாம் படித்துவிட்டுத்தான் நகர்கிறேன். என் இருமல் மருந்து பாட்டிலில் குலுக்கிவிட்டுக் குடிக்கவும் என்று போட்டிருக்கிறது, நாலு வருடமாக ஒரு தடவைகூடக் குலுக்கவில்லை. உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "மேல இருந்த தண்ணியைக் குடிச்சிட்டு மருந்தைக் கீழயே விட்டிருக்கீங்க, அதான் இருமல் உங்களை விட்டுப் போக மாட்டேங்குது" என்று சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

சிரிப்பைப் பற்றி எழுதும்போது நன்றாக ஓடிய பேனா இங்கே வந்ததும் நிற்கிறது. நேற்று முழுவதும் இந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் புது வீட்டு வேலை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டாய், சொல்ல வாயெடுத்தேன், உன் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். வீட்டு வேலை நின்றுபோய்விட்டது மகளே. உன் வீடு மட்டும் இல்லை, பழைய விமானத்தள நிலத்தில் கட்டுகிற வீடுகளில் மூன்றாவது வரிசை முழுவதும் நின்றுவிட்டது, இனி அங்கே கட்டுவார்களா என்பதே தெரியாது. நிறுத்தியது உன் அப்பாதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்ததும் உன் அப்பாதான். இரண்டையும் ஒழுங்காகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நீ இரண்டாம் வகுப்பு படித்த வருடம் அது. காலையில் நாங்கள் பன்னிரண்டு பேர் ரன்வேயில் வரிசையாகக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்போம், ஒரு திருகாணி, ஒரு கல் கிடந்தாலும் பொறுக்கி டப்பாவில் போட வேண்டும், இல்லாவிட்டால் அது விமானத்தின் வாய்க்குள் போய்விடும். அந்த வேலை முடிந்தபிறகு என்ன சொன்னாலும் செய்வோம். ஒரு நாள் மேற்பார்வையாளர் எங்களில் நாலு பேரைக் கூப்பிட்டு, கொட்டகைக்குப் பின்னால் இருந்த இருபத்தாறு டிரம்மையும் புதைக்கச் சொன்னார். விமானத்தின் பாகங்களைக் கழுவி ஊற்றிய எண்ணெயும் பெயின்டைக் கரைக்கிற மருந்தும் கலந்த தண்ணீர், நாங்கள் அதைக் கழுவல் என்போம், கையில் பட்டால் வெங்காயத்தோல் மாதிரி தோல் உரியும். தீயணைக்கப் பழகுகிற பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு நாள் தோண்டிப் புதைத்தோம். அடையாளத்துக்குச் சுண்ணாம்பு அடித்த கல் ஏழு வைத்தோம். கல் போனாலும் இடம் தெரிய வேண்டும் என்று காற்றுத் திசை காட்டுகிற துணிப்பை தொங்கும் கம்பத்திலிருந்து காலடியால் அளந்து வைத்தோம், அந்தக் கம்பத்தை நாங்கள் பாவாடைக் கம்பம் என்றுதான் சொல்வோம், காற்றில்லாத நாளில் அது அப்படித்தான் தொங்கும். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நூற்றிருபது காலடி. அளந்தவன் ஒட்டகம். என்னோடு பக்கத்தில் நடக்கிற நெட்டையன், நீ அவர் தோளில் ஏறினால் இறங்க மாட்டாய்.

படை கிளம்பித் தளத்தை மூடினபோது எங்கள் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், நம் முன்னறையில் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறதே அதுதான். கடிகாரத்தோடு இரண்டு காகிதம், கையெழுத்து போட வேண்டும். எனக்குக் கையெழுத்து போட வரும், கல்யாணத்துக்கு முன்னால் உன் அம்மாவின் அண்ணன் பழக்கிவிட்டது, கோலம் மாதிரி வளைத்து வளைத்துப் போடுவேன், அதற்கு மேல் ஒரு எழுத்து தெரியாது. தளத்தில் முப்பத்திரண்டு வருடம் அந்தக் கையெழுத்தை வைத்தே படித்தவன் மாதிரி காலம் தள்ளினேன், யாருக்கும் தெரியாது. குமாஸ்தா தம்பி, "படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்கண்ணே, இது முக்கியமான பேப்பர்" என்றார். பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். காகிதத்தைக் கையில் எடுத்து, மேலிருந்து கீழே கண்ணை ஓட்டி, உதட்டைக்கூட அசைத்தேன் மகளே, ஒரு இடத்தில் ம்ம் என்று தலையாட்டினேன். படிச்சாச்சு தம்பி என்று சொல்லி இரண்டிலும் வளைத்துப் போட்டேன். நகலை மடித்துக் கடிகாரப் பெட்டியிலேயே போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஊசி அக்கா, வீட்டில் உள்ள பழைய காகிதம் எதையாவது எடுத்துப் படித்துப் பழகுங்கள் என்றார். பரணில் ஏறிப் பெட்டியை எடுத்தேன். முதல் காகிதம் கடிகாரம் பெற்றுக்கொண்டதற்கு. இரண்டாவதைப் படிக்க மூன்று நாள் ஆனது. நான் வேலை பார்த்த இடங்களில் எண்ணெய், ரசாயனம், வேறு கழிவு எதுவும் புதைக்கப்படவில்லை, எனக்குத் தெரிந்தவரை நிலம் சுத்தமானது என்று இருந்தது. கீழே என் கோலம். மூன்றாம் நாள் கடைசி வரியைக் கூட்டிப் படித்து முடித்தது வகுப்பில், எல்லோருக்கும் முன்னால் வாய்விட்டு. ஊசி அக்கா, "சபாஷ் அண்ணே, ஒரு தப்பு இல்லை" என்றார். அந்தக் கையெழுத்தைவிடப் பெரிய தப்பு நான் செய்ததில்லை.

எழுதப் படிக்கத் தெரியாததால் வந்த வினை என்று சொல்லிவிட்டால் எனக்கு லேசாகிவிடும். உன் அம்மாவும் அப்படித்தான் எழுதச் சொல்கிறாள். உனக்கு நான் பொய் எழுத மாட்டேன். போன வருடம் நீ அனுப்பிய பத்திரங்களோடு நானும் அம்மாவும் வீட்டு இடம் பார்க்கப் போனபோது விற்பனைப் பையன் வரைபடத்தில் விரல் வைத்து, இது சிறுவர் பூங்கா, இது எல்லா வீட்டுக்கும் தண்ணீர் எடுக்கிற ஆழ்துளைக் கிணறு, இது உங்க மகள் வீடு என்றான். படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த மண் எனக்குத் தெரியும். பாவாடைக் கம்பத்தின் அடிக்கட்டை அங்கே நின்றது. சுண்ணாம்புக் கல் ஒன்றும் இல்லை, மண்ணை வாரிச் சமப்படுத்தியிருந்தார்கள். பெரிய ஆட்கள் எல்லாவற்றையும் எடுத்திருப்பார்கள், நமக்கெதுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்ன தெரியுமா, முப்பத்திரண்டு வருடம் நான் குனிந்து நடந்த மண்ணில் என் மகளுக்கு மாடி வீடு என்ற பெருமை என் வாயை அடைத்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் உன் அம்மா ஜன்னலுக்குத் திரை எந்த நிறம் என்று பேசிக்கொண்டு வந்தாள், நானும் நீலம் என்றேன். அதற்குக் காகிதமும் காரணமில்லை, எழுத்தும் காரணமில்லை.

அந்தக் காகிதத்தைப் படித்த மறுநாள் காலையில் கட்டுமான அலுவலகத்துக்குப் போனேன். இஞ்சினியர் தம்பி நல்லவர்தான், தேநீர் கொடுத்தார், நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து, தளத்திலிருந்து வந்த ஃபைல் ஒன்றை எடுத்து, "தாத்தா, ஒண்ணும் இல்லைன்னு நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்க. இப்ப இருக்குன்னா எதை நம்பறது?" என்றார். படிக்காமல் போட்டது என்று சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும், முப்பத்திரண்டு வருடம் மறைத்தது அன்று ஒரு வரியில் வெளியே வந்துவிட்டது, கூச்சத்தோடு ஒரு பாரமும் இறங்கியது. தினமும் போய் வாசலில் உட்கார்ந்தேன். பத்தாம் நாள், இந்தக் கிழவரை அனுப்பினால் போதும் என்று ஒரு மண்வாரி வண்டியைக் கொடுத்தார். கம்பத்திலிருந்து நடந்தேன், நூற்றிருபது எண்ணி நின்றேன், தோண்டினார்கள், வெறும் மண். இன்னொரு இடம், அதுவும் மண். வண்டி ஓட்டுகிறவர், "பெருசு, புதையல் கனவு கண்டீங்களா" என்றார். அப்போதுதான் உறைத்தது, அந்த நூற்றிருபதும் என் காலடி இல்லை, ஒட்டகத்தின் காலடி. என் கால் அதற்கு எப்போதும் எட்டாது, இப்போது இன்னும் குறுகிவிட்டது.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மகள் முதல் வரிசையில் போன வருடமே குடிவந்துவிட்டாள், இரண்டு பையன்கள். விஷயத்தைச் சொன்னதும் நிலைப்படியில் குறுக்கே நின்றுகொண்டு, "உனக்கு எழுத்து வந்தாலும் வந்துச்சு, ஊரைக் கெடுக்க வந்துட்டியா. என் பொண்ணு இருக்கறதைப் போட்டு வாங்கின வீடுடா அது. நாலு பேருக்குத் தெரிஞ்ச விஷயம், ரெண்டு பேர் போய்ச் சேர்ந்தாச்சு, மீதி நாம ரெண்டு பேர் வாயைப் பொத்திட்டுப் போவோம்" என்றான். என் மகள் வீடும் அங்கேதான் என்றேன். "அப்ப உனக்குப் பைத்தியம்" என்றான். உன் பேரன்கள் குடிக்கிற தண்ணீர் எந்தப் பக்கத்து மண்ணிலிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டான். முப்பத்திரண்டு வருடம் கைக்கெட்டும் தூரத்தில் நடந்தவன்.

மறுநாள் நான் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தேன், வண்டியைத் திருப்பி அனுப்பப்போகிற நேரம். தூரத்தில் அவன் வருவது தெரிந்தது, அந்த நடையை நூறு பேர் நடுவிலும் சொல்லிவிடுவேன். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, இஞ்சினியரையும் பார்க்கவில்லை. கம்பத்தின் அடிக்கட்டையில் குதிகாலை ஒட்டி வைத்தான், தொட்டியைப் பார்த்தான், நடந்தான். பழையபடியே தலையைக் குனிந்துகொண்டு நடந்தான் மகளே, எனக்குப் பக்கத்தில் போய் நடக்க வேண்டும்போல் இருந்தது, தைரியம் வரவில்லை. நின்ற இடத்தில் கையிலிருந்த குச்சியை ஊன்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். ஆள் உயரம்கூடத் தோண்டவில்லை, முதல் டிரம் வந்தது. துருப்பிடித்துப் பாதி கரைந்து போயிருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் மண்ணுக்குப் போய்விட்டது. அந்த வாடை மட்டும் அப்படியே இருந்தது.

இப்போது மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்கு எடுத்துப்போயிருக்கிறார்கள். முதல் வரிசைக்குக் குழாயை அடைத்துவிட்டு லாரியில் தண்ணீர் வருகிறது. குடத்தோடு நிற்கிற பெண்கள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள், ஒருத்தி மட்டும், "முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒட்டகம் கடைத்தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறான். உன் அம்மா திரைத்துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீ இங்கே திரும்பி வந்துவிடுவாய் என்று நாங்கள் நம்பியதே அந்த வீட்டை வைத்துத்தான்.

உனக்குக் கோபம் வந்தால் கோபமாகவே எழுது. அம்மா பேருக்கு எழுதி அவளைச் சொல்லச் சொல்லாதே, என் பேருக்கு எழுது, மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் ஒரு வரி விடாமல் படிப்பேன். மாப்பிள்ளையிடம் என் சார்பில் நீயே சமாதானம் சொல். பேத்தியைத் தினமும் ஒரு பக்கமாவது படிக்க வை, படித்தது புரியவில்லை என்றால் புரியவில்லை என்று கூச்சப்படாமல் கேட்கச் சொல், அது மட்டும் அவளுக்கு வந்துவிட்டால் போதும். நீங்கள் மூன்று பேரும் நல்ல தண்ணீரும் நல்ல தூக்கமுமாக நீண்ட நாள் இருக்க வேண்டும். மாத்திரையை நேரத்துக்குப் போடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

மேலே எழுதியது எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டேன். எல்லாம் உண்மை. அதன்பிறகுதான் கையெழுத்து போடுகிறேன்.

உன் அப்பா