உள்ளே போவது நூற்றில் ஒன்று

மார்ச் 3, திங்கள்

ஊரார் ஃப்ரிட்ஜில் கேஸ் எங்கே கசிகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவேன். என் வீட்டில் என்ன கசிகிறது என்று தெரியவில்லை. மகள், கூட வேலை செய்யும் அக்காவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது: “உள்ள போறதே நூத்துல ஒண்ணுதான்கா. மிச்சமெல்லாம் வெளிய வந்துடுது. அதான் இவ்ளோ மங்கிக் கெடக்கு. தனியா வேற.”

ஆளும் துரும்பாய் இளைத்திருக்கிறாள். வயிற்றில் ஏதாவது— எழுதவே கை வரவில்லை.

மார்ச் 4

மனைவியிடம் சொன்னேன். “அவகிட்டயே கேளுங்க. ஃப்ரிட்ஜ் மாதிரி தட்டிப் பாத்துட்டு நிக்காதீங்க.” சொன்னவள் குரலும் சரியில்லை.

மார்ச் 5

“டாக்டர்கிட்ட போலாமா, குட்டி?”

“யாருக்குப்பா?”

போனில் கேட்டதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். “அய்யோ அப்பா, அது கருந்துளை!”

செத்த நட்சத்திரத்தின் மிச்சமாம். துணையில்லாமல் அலையுமாம், கண்ணில் படவே படாதாம். வாயு மேகத்துக்குள் நுழைந்தால்தான் உண்டு. இழுபடுகிற வாயு உரசிச் சூடேறி ஒளிவிடும். அதிலும் பெரும்பகுதி உள்ளே போகாமல் வெளியே வீசப்பட்டுவிடுவதால் மங்கல். விண்வெளி ஆராய்ச்சியில் இத்தனை நாள் தேடி அப்படி ஒரு புள்ளியைப் பிடித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பெரிய தொலைநோக்கியின் முடிவு வரும்.

நானும் சிரித்தேன். பிறகு அவள் தட்டைப் பார்த்தேன். வைத்தது வைத்தபடி.

“அது இல்லன்னு ஆயிட்டா?”

“அப்போ நானும் இல்லப்பா,” என்றாள், சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 6

அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் அறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். சொந்த வீட்டில் திருடன். பைத்தியமா எனக்கு? இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 7

இல்லையாம். எங்கோ பின்னால், வெகு தூரத்து விண்மீன் கூட்டத்தின் வெளிச்சமாம் அது.

கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே சத்தமே இல்லை. அழுதுடு குட்டி. என்னையாவது திட்டு. ஏதாவது பண்ணேன்—

மார்ச் 8

நேற்று பொறுக்கமாட்டாமல் கதவைத் தள்ளினேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“தாழ்ப்பாள் எங்கப்பா?”

“துரு.”

“போன மாசம்தானே மாட்டினீங்க?”

என்னையே பார்த்தாள். நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள். அப்புறம்தான் அழுதாள். நானும்தான். மெக்கானிக் என்றால் கண் கசியக் கூடாதா?

மார்ச் 11

நிஜமாகவே டாக்டரிடம் போனோம். யாருக்கு என்று இந்தத் தடவை அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் 20

இன்று சமையல் நான். “உப்பே இல்ல. இதை எந்தக் கருந்துளையும் தொடாது,” என்று திட்டித் திட்டியே தட்டை வழித்துவிட்டாள். வேறொரு மேகம் பார்த்து வைத்திருக்கிறாளாம்.

சாயங்காலம் தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டினேன். எண்ணெயும் விட்டேன். துரு பிடித்துவிடும் பாருங்கள்.