சாராம்மா முழுகாம இருந்த கதை

நவம்பர் 14, ஞாயிறு

சிரிச்சு சிரிச்சு வயிறு இன்னும் வலிக்குது. தப்பு என் வாயிலதான்.

எங்க சித்தூர் பாப்டிஸ்ட் சர்ச்சோட பழைய கதைய பாஸ்டர் மவன் டேவிட்டு புஸ்தகமா எழுதிக்கினு இருக்கான். இங்கிலீஷ்ல படிச்சு அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன புள்ள, லீவுல வந்திருக்கான். மொதமொதல்ல ஞானஸ்நானம் எடுத்தவங்க யாருன்னு என்னைக் கேட்டான். "சாராம்மா மட்டும் அன்னிக்கு எடுக்கல. முழுகாம இருந்தாங்க"ன்னு சொல்லியிருந்தேன்.

இன்னிக்கு ஆராதனை முடிஞ்சதும் எல்லாருக்கும் படிச்சான். "சாராம்மா கடைசிவரை தண்ணீரில் முழுகவில்லை." நாளைக்கு அச்சுக்குப் போவுதாம்.

சாராம்மா மவ கமலம்மாக்கா அழுதுகினே எழுந்துட்டாங்க. "ஞானஸ்நானம் எடுத்தவங்க லிஸ்ட்லேருந்து எங்கம்மா பேரையே எடுத்துட்டியாடா?"

"ஆன்ட்டிதான் சொன்னாங்க"ன்னு என்னைக் கை காட்டிட்டான்.

"டேய் நைனா, முழுகாம இருந்தாங்கன்னா மாசமா இருந்தாங்கன்னு அர்த்தம்டா! புள்ள பொறந்தப்புறம் தொட்டியில எறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாங்க"ன்னேன்.

அவன் மொகம் செவந்துபோச்சு. "அப்ப அந்தக் குழந்த யாரு ஆன்ட்டி?"

கமலம்மாக்கா கண்ணத் தொடச்சிக்கினு, "நான்தான்டா!"ன்னாங்க. சர்ச்சே சிரிச்சுது.

அங்கியே பேனாவால சாராம்மா பேர லிஸ்ட்ல சேத்துட்டான். எங்க வூட்டுக்காரரப் பத்தியும் அன்னிக்கு ஏதோ கேட்டு எழுதிக்கினான். நான் என்ன சொல்லித் தொலைச்சேன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது.