அருவிக்கரையிலிருந்து ஆறு பிரியும் இடம் வரை

1974 பிப்ரவரி 6, புதன்

டாக்டர் இன்று இவருக்கு மருந்தைக் குறைத்துவிட்டு நடையைக் கூட்டினார். மேடு இல்லாத வழி, மர நிழல், நல்ல காற்று. வாரத்தில் ஒரு நாளாவது நீண்ட தூரம். "நெஞ்சுவலி வந்த ஆள். தனியாக விடக்கூடாது. மாத்திரையோடு யாராவது கூடப் போகணும்" என்றார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறு யார் இருக்கிறார்கள்? கீழே இவருடைய இரும்புக்கடை, மேலே நாங்கள் இரண்டு பேர்.

கல்யாணமாகி ஆரியசாலைக்கு வந்ததிலிருந்து நான் போன இடம் சர்ச், சாலைக் கடைத்தெரு, எப்போதாவது மார்த்தாண்டத்தில் அம்மா வீடு. அம்மா போனபின் அதுவும் நின்றது. என்னை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டி, இவர் சாவியைக் கடைக்குக் கொண்டுபோன நாட்களும் உண்டு. இப்போது டாக்டர் சொல்லி என்னை வெளியே கூட்டிப் போகிறார். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு

காலை ஆராதனை முடிந்து கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினோம். அருவிக்கரையில் இறங்கி, ஆற்றை ஒட்டியே மேலே போகும் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ரப்பர் தோட்டம். ரப்பர் இலையெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரிச் சத்தம். அப்புறம் தோட்டம் முடிந்து சின்னக் காடு. உள்ளே நுழைந்ததும் கழுத்தில் குளிர்ச்சி.

நான் இவருக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும். குடை, பை, தண்ணீர், மாத்திரை எல்லாம் என்னிடம். பரவாயில்லை. பின்னால் நடப்பவளுக்கு நின்று பார்க்க முடியும்.

கால் வலிக்கிறது. உறக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

பிப்ரவரி 24, ஞாயிறு

காட்டுக்குள் ஒரு பெரிய அயனி மரம். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். இவர் திரும்பி வந்தார். பக்கத்தில் சாயாக்கடை, நாலைந்து ஆட்கள்.

"என்னத்த வாயப் பொளந்து பாக்க? நீயும் அதும் ஒண்ணுதான். ஆனா அது காய்க்கும்."

சாயாக்கடைக்காரர் மலையாளி, ஆனாலும் தமிழ் தெரியும் போலிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கொடுத்த சாயாவில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார்.

மார்ச் 17, ஞாயிறு

பாதி வழியில் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்துவிட்டது. பையைக் கொட்டி மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தேன். மடியில் சாய்த்து வீசினேன். கர்த்தாவே, கர்த்தாவே என்றுதான் வாயில் வந்தது.

வலி விட்டதும் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் பையப் பைய எடுத்திருக்கலாமே. என்ன அவசரம்?"

ஓடித்தானே எடுத்தேன். ஓடித்தானே...

மார்ச் 31, ஞாயிறு

சாப்பிட்டதும் இவர் அயனி மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுகிறார். நல்ல உறக்கம். நான் கால் கழுவ ஆற்றில் இறங்கினேன். ஒருத்தி துணி அடித்துக்கொண்டிருந்தாள். முத்தாரம்மாள் என்று பெயர், தென்காசிப் பக்கம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறாள், தோட்டத்தார் கொடுத்த லைன் வீட்டில் இருக்கிறாள். புருஷன் விட்டுப் போய்விட்டானாம். அதைச் சொல்லும்போதும் துணியை அடிப்பதை நிறுத்தவில்லை.

"மேல ஆறு ரெண்டா பிரியும்க்கா. பாத்திருக்கீயளா?"

இல்லை என்றேன்.

"இந்தா, பக்கந்தான். சும்மா காலாற நடந்தா வந்திரும்."

இவர் புரண்டு படுத்தார். நான் போகவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

போனேன்.

இவர் குறட்டை விட ஆரம்பித்ததும், மாத்திரைப் பையைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனேன். முத்தாரம்மாள் முன்னால் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பக்கத்தில் நடந்தாள். சுட்ட பலாச்சக்கைக் கொட்டையை உரித்து உரித்து என் கையில் வைத்தாள். அவள் மேஸ்திரி நடக்கிற மாதிரி நடந்து காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

ஆறு பிரியும் இடத்தில் நடுவில் ஒரு திட்டு, மருத மரங்கள், அந்தப் பக்கம் தெளிந்த தண்ணீர், இந்தப் பக்கம் கலங்கல். அவ்வளவுதான். அதைப் பார்க்கவா என்று இவர் கேட்பார். ஆமா, அதைப் பார்க்கத்தான்.

திரும்பி வந்தபோது இவர் இன்னும் உறக்கத்தில்தான் இருந்தார்.

மே 5, ஞாயிறு

இன்று முத்தாரம்மாளும் நானும் திரும்பியபோது இவர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பை திறந்து கிடந்தது. லேசாக வலித்ததாம், தானே மாத்திரை போட்டுக்கொண்டாராம். முத்தாரம்மாளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீ எந்தத் தோட்டம், பிள்ளே?" தணிந்த குரலில்தான் கேட்டார். அவள் சொன்னாள்.

பஸ்ஸில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டிலும் இல்லை. அடித்திருந்தால் இத்தனை பயம் இருக்காது.

மே 12, ஞாயிறு

துணி துவைக்கும் பாறையில் ஆள் இல்லை. இவர் உறங்கியதும் லைன் வீட்டுப் பக்கம் ஓடினேன். அவள் கதவில் புதுப் பூட்டு. பக்கத்து வீட்டுப் பெண் மலையாளத்தில் சொன்னாள்: முதலாளி வியாழக்கிழமை வந்தார், வேலை இல்லை என்று சொல்லிவிட்டார், அன்றே வீட்டைக் காலி செய்யச் சொன்னார். நல்ல மழை. பாயைத் தலையில் வைத்துக்கொண்டு போனாளாம். எங்கே என்று தெரியாது.

நான் மரத்தடிக்கு வந்தபோது இவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.

"பாத்தாச்சா? அந்தத் தோட்டத்துக்குப் பால் வெட்டுற கத்தியும் வாளியும் நம்ம கடையிலதான் போகுது. ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான்."

"அவ என்ன செய்தா உங்களுக்கு?"

"அவ ஒண்ணும் செய்யல்ல. நீ சிரிச்ச. இங்க வரைக்கும் கேட்டுது."

மே 13, திங்கள்

சிரிச்சதுக்கா. சிரிச்சதுக்கா ஒருத்திக்க சோத்துல மண்ணைப் போடுவாங்க?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இரண்டு மாதம் மழையில் நடை நின்றுபோயிருந்தது. இன்று வானம் வெளுத்ததும் சேலை உடுத்து, கட்டுச்சோறு கட்டித் தயாராக நின்றேன். கடைக் கணக்குப்பிள்ளை தங்கையன் வாசலில் வந்து நின்றார்.

"டாக்டர் பாத்தாரு, நல்லா இருக்குன்னு சொன்னாரு" என்றார் இவர். "இனி நீ வரண்டாம். தங்கையன் வருவான்."

பையை என் கையிலிருந்து இவரே வாங்கிக்கொண்டார். தங்கையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டுச்சோறும் அவர்களோடு போயிற்று.

செப்டம்பர் 15, ஞாயிறு

சாயங்காலம் இவர் வேட்டியில் ஒட்டுப்புல். ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தேன். ஈரமான புல். ஆறு பாதைவரை ஏறியிருக்கிறது போல.

அக்டோபர் 23, புதன்

கடையில் இரும்புக்கம்பி எண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். தங்கையனும் சுமட்டுக்காரர்களும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வலப்பக்கம் போய்விட்டது. பேச்சு குழறுகிறது. இடது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நானும் விடுவிக்கவில்லை.

அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம். குளிப்பாட்ட, புரட்டிப் படுக்க வைக்க பூமாரி என்று ஒரு பெண் வருகிறாள். கெட்டிக்காரி. இன்று ஆராதனை முடிந்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியவள், கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிவிட்டேன்.

லைன் வீடுகளில் முத்தாரம்மாளைப் பற்றி விசாரித்தேன். செங்கல் சூளைக்குப் போனாள் என்று ஒருத்தி. ஊருக்கே போய்விட்டாள் என்று இன்னொருத்தி. அப்புறம் தனியாக ஆறு பிரியும் இடம்வரை நடந்தேன். பக்கத்தில் ஆள் இல்லாத நடை எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. நன்றாகத்தான் இருக்கிறது. அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்றும் போனேன்.

1975 ஜனவரி 10, வெள்ளி

டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். ஆள் உடைந்து போயிருக்கிறார், நாலு சுவரைப் பார்த்தே கிடந்தால் தேறமாட்டார், காரில் வைத்து எங்காவது காற்றோட்டமாகக் கொண்டு போங்கள் என்றார். தங்கையன் உடனே, "என் மச்சானுக்குக் கார் உண்டு. ஞாயித்துக்கிழமை கொண்டுவாறேன். அருவிக்கரையில ஆத்தங்கரை வரைக்கும் கார் போகும், நாற்காலி போட்டு உக்கார வைப்போம்" என்றார்.

இவர் முகத்தில் ஒரு பாதிதான் சிரிக்கும். அது சிரித்தது. என்னைப் பார்த்து, "நீ... யும்" என்றார்.

ஜனவரி 12, ஞாயிறு

விடிந்ததுமே பூமாரியிடம் கிறிஸ்துமஸுக்குத் தைத்த சட்டையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அவளை விடாமல், இடது கையாலேயே பித்தான் போட்டாராம். போட்டு முடிக்கும்போது என் சமையலே முடிந்துவிட்டது. தலைசீவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் ஆராதனைக்குப் போகும்போது, "சீ... க்கிரம்" என்றார்.

எங்கள் சந்துக்குள் கார் நுழையாது. ஆராதனை முடிந்து நான் திரும்பியபோது தங்கையன் முக்கில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பின்சீட்டில் தலையணை, நாற்காலி எல்லாம் கொண்டுவந்திருந்தார்.

"அண்ணே, ராத்திரி முழுக்க இவருக்கு உறக்கமில்ல. இன்னைக்கு வேண்டாம்" என்றேன்.

"அப்ப நான் மேல வந்து ஒரு வார்த்தை..."

"இப்பத்தான் கண்ணசந்தாரு."

அவர் காரைத் திருப்பிக்கொண்டு போகும்வரை நின்றேன். மேலே போய்க் குடையை எடுத்தேன். இவர் என் கையிலிருந்த குடையைப் பார்த்தார்.

"கா... ர்?"

"வரல்ல" என்றேன். "தங்கையனுக்கு வேற சோலி வந்துட்டாம்."

பூமாரியிடம் கஞ்சி கொடுக்கச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஆற்றில் தண்ணீர் குறைந்து பாறையெல்லாம் வெளியே வந்திருக்கிறது. ரப்பர் இலை சிவக்க ஆரம்பித்துவிட்டது. திட்டுவரை கால் நனைய நடந்து போய், மருத மர வேரில் உட்கார்ந்து, வெயில் சாய்ந்தபின்தான் எழுந்தேன்.

திரும்பி வந்தபோது இவர் அதே ஜன்னலோரம், அதே சட்டையில். கழற்ற விடவில்லை என்றாள் பூமாரி. அவள் போனதும் நானே பித்தான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழற்றினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சட்டையை உதறிப் பார்த்தேன். அழுக்கில்லை, வேர்வையில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும் என்று இவரிடம் சொல்லி, மடித்து வைத்தேன்.